தடவிய எண்ணெயின் தடம்

பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் உட்கார்ந்து ஒளு செய்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். முகம் கழுவி, முழங்கை வரை கழுவி, பிறகு கையை நனைத்து அந்த ஈரத்தோடு தலையைத் தடவுவார். அந்தத் தடவலுக்கு மஸஹ் என்று பெயர். தேவாலயத்தில் ஒலிக்கும் ‘கிறிஸ்து’, யூதர்கள் இன்னும் வழிபார்த்துக்கொண்டிருக்கும் ‘மாஷியாக்’, குர்ஆன் ஈசா நபிக்குத் தரும் ‘மஸீஹ்’ என்ற பட்டம் மூன்றையும் பின்தொடர்ந்து போனால் இந்தக் கையசைவில்தான் வந்து நிற்போம். மாஷியாக் (தமிழில் மேசியா) என்றால் எபிரேயத்தில் தடவப்பட்டவர். மஸீஹும் மஸஹும் அரபியில் அதே மூன்று மெய்யெழுத்துகளிலிருந்து பிறந்தவை. கிறிஸ்து என்பது அதன் கிரேக்க மொழிபெயர்ப்பு.

தடவியது எண்ணெய். பண்டைய இஸ்ரவேலில் ஒருவரை அரசராக்க வேண்டுமானால் தலையில் எண்ணெய் ஊற்றினார்கள். சவுலின் தலையில் சாமுவேல் ஊற்றியது ஒரு குப்பித் தைலம். அதே சாமுவேல் பெத்லகேமுக்குப் போய், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீதைக் கூப்பிட்டு அனுப்பி ஊற்றியது ஒரு கொம்புத் தைலம். நம் தமிழ் வேதாகமம் இந்தச் செயலுக்கு ‘அபிஷேகம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. கோயில் கருவறையில் எண்ணெய்க் காப்பும் அபிஷேகமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

அந்த எண்ணெய்க்குச் செய்முறை உண்டு. யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் ஒரு மருந்துக்கடைச் சீட்டைப் போலவே இருக்கிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, மேலே ஒலிவ எண்ணெய். 500 சேக்கல் என்பது இன்றைய நிறுவையில் ஐந்தரைக் கிலோவுக்கு மேல். கருவா மரம் அந்த வறண்ட மண்ணில் வளராது. பட்டை கிழக்கேயிருந்து வணிகர்கள் கைமாறிக் கைமாறித்தான் போய்ச் சேர வேண்டும். சீட்டின் கடைசியில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இதே கலவையை வீட்டுக்கென்று தயாரிப்பவன் சமூகத்திலிருந்து அறுக்கப்படுவான். போலிக்கு எதிரான சட்டம் பொருளோடு சேர்ந்தே பிறந்துவிட்டது என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கட்டத்தில் ‘மாஷியாக்’ ஒரு ஆள் பெயர் அல்ல, உலக முடிவோடும் அதற்குத் தொடர்பு இல்லை. பதவியில் இருக்கும் அரசரும் ஆசாரியரும் மாஷியாக்தான், ‘பட்டம் கட்டியவர்’ என்று நாம் சொல்வதைப் போல. கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோனியர் எருசலேமையும் ஆலயத்தையும் இடித்து மக்களைச் சிறைகொண்டு போனார்கள். தாவீதின் வழியில் எண்ணெய் ஊற்ற அரசரே இல்லை. இருக்கும்வரை சாதாரணமாகத் தெரிந்த சொல், இல்லாமல் போனதும் கனக்க ஆரம்பித்தது. கி.மு. 539-இல் பாரசீகத்து சைரஸ் பாபிலோனைப் பிடித்து, சிறைப்பட்டவர்கள் ஊர் திரும்ப வழிவிட்டார். ஏசாயா நூல் அவரையே மாஷியாக் என்கிறது. தமிழ் வேதாகமம் கோரேசு என்று எழுதும் அந்த மன்னர் யூதரும் இல்லை, அவர்களுடைய கடவுளை அறிந்தவரும் இல்லை. விடுவித்தார், ஆகவே தடவப்பட்டவர். ‘வந்தவர் யார்’ என்பதைவிட ‘என்ன நடந்தது’ என்று பார்க்கும் இந்த அளவுகோல்தான் யூத மரபின் முதுகெலும்பாகக் கடைசிவரை நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் ஆலயம் எழுந்தது, எண்ணெய் திரும்பவில்லை. யோசியா மன்னர் அந்தத் தைலத்தை உடன்படிக்கைப் பெட்டியோடு சேர்த்து ஒளித்துவைத்துவிட்டார் என்கிறது யூத ரபிகளின் தொகுப்பான தல்மூத். பொருள் மறைந்தது, பெயர் மிஞ்சியது. வரப்போகும் ஒருவருக்காக அந்தப் பெயர் காலியாகக் காத்திருந்தது. ஒருவரா இருவரா என்பதிலும் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. 1947 முதல் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த சுருள்களில், கும்ரான் குழுவின் ஒழுங்கு நூல் ஆசாரிய வழியில் ஒரு மேசியாவையும் அரச வழியில் ஒரு மேசியாவையும் எதிர்பார்க்கிறது.

இதற்கிடையில் சொல் கப்பலேறி எகிப்துக்குப் போயிருந்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து அலெக்சாந்திரிய யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். மாஷியாக் என்ற சொல் வந்த இடத்தில், பூசுவது என்று பொருள்படும் வினையிலிருந்து ‘கிறிஸ்தோஸ்’ என்று எழுதினார்கள். மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் பிசகில்லை. ஆனால் எண்ணெய் ஊற்றி ஒருவரை அரசராக்கும் வழக்கம் கிரேக்கர்களுக்குக் கிடையாது. அவர்கள் காதில் அது மேலே மருந்து பூசிய ஆள் என்பதுபோல் விழுந்திருக்கும். பொருள் பிடிபடாத பட்டம் நாளடைவில் பெயராகிவிடும். கிறிஸ்தோஸுக்கும் அதுதான் நடந்தது. புதிய ஏற்பாட்டில் ‘மேசியா’ என்ற மூல ஒலி இரண்டே இடங்களில் வருகிறது, இரண்டும் யோவான் எழுதியதில். ‘கிறிஸ்து’ 500 முறைக்கு மேல் வருகிறது.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட இயேசுவின் தலையில் எந்த ஆசாரியரும் எண்ணெய் ஊற்றியதாக நற்செய்திகளில் இல்லை. ஊற்றியவர் ஒரு பெண். பெத்தானியாவில் ஒரு விருந்தில் வெள்ளைக்கல் பரணியை உடைத்து, நளதத் தைலத்தை அவர் தலையில் ஊற்றினாள் என்கிறார் மாற்கு. விலை 300 தெனாரிக்கு மேல் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு தெனாரி ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு ஒரே மூச்சில் கவிழ்ந்தது.

நளதம் இமயமலைச் சரிவில் வளரும் செடியின் வேர். நம் நாட்டு மருந்துக் கடையில் சடாமாஞ்சில் என்று கேட்டால் கொடுப்பார்கள். சடைபிடித்த எலிவால்போல, கையில் எடுத்தால் ஈரமண்ணும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை. வியன்னாவில் பாதுகாக்கப்படும் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, முசிறியிலிருந்து எகிப்துக்குச் சரக்கு கொண்டுபோன ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலின் கணக்கைச் சொல்கிறது. அதில் தந்தத்தோடு 60 பெட்டி கங்கை நளதமும் இருக்கிறது. பெத்தானியா விருந்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்திய கணக்கு அது. ஆனாலும் கங்கைக்கரைச் சரக்கு ரோமாபுரிச் சந்தைக்கு எந்த வழியில் போனது என்று காட்டிவிடுகிறது. இமயத்தில் பிடுங்கிய வேர் சேர நாட்டுத் துறைமுகங்கள் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்த காலம் அது.

சில நாட்களில் இயேசு கைதானார். கைதான தோட்டம் கெத்செமனே. அந்தப் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ‘யூதரின் அரசர்’ என்ற பலகையோடு ரோமர்கள் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். வழி பிரிவது இங்கேதான். பெரும்பாலான யூதர்களுக்குக் கணக்கு வெளிப்படை: ரோம் அப்படியே இருக்கிறது, சிதறியவர்கள் திரும்பவில்லை, போர் ஓயவில்லை, மேசியா வந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? சீடர்கள் வேறொன்றைப் பற்றிக்கொண்டார்கள். அவர் உயிர்த்தெழுந்தார், பாடுபடுவதே மேசியாவின் வேலை, மீதி இரண்டாம் வருகையில் நிறைவேறும். சொல்லின் பொருளே அவர்கள் கையில் மாறிவிட்டது. மண்ணின் அரசராக இருந்த மேசியா, பாவத்திலிருந்து மீட்கும் தேவகுமாரனானார். அந்தியோகியாவில் ஊரார் அவர்களுக்குக் ‘கிறிஸ்தியானோய்’ என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் பரவியதில் ஒரு எழுத்துப் பிழையும் உடன் பயணித்தது. ‘கிரேஸ்தோஸ்’ என்றால் கிரேக்கத்தில் நல்லவன், உபயோகமானவன். அடிமைகளுக்கு அதிகம் வைத்த பெயர். கிறிஸ்தோஸ் என்று கேட்டவர்கள் தமக்குத் தெரிந்த கிரேஸ்தோஸ் என்றே எழுதினார்கள். கிளாடியஸ் பேரரசர் ரோமிலிருந்து யூதர்களை வெளியேற்றியதற்குக் ‘கிரேஸ்துஸ்’ மூட்டிவிட்ட கலகமே காரணம் என்று எழுதினார் ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். இயேசுவைப் பற்றிய சச்சரவே அவர் காதுக்கு இப்படி வந்து சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. டாசிட்டஸின் வரலாற்று நூலுக்கு ஃபிளாரன்ஸில் உள்ள 11-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தைப் புற ஊதாக் கதிரில் பார்த்தால், முதலில் ‘ஏ’ என்று எழுதியதை யாரோ சுரண்டி ‘இ’ ஆக்கியிருப்பது தெரிகிறது.

கி.பி. 132-இல் யூதேயா ரோமுக்கு எதிராக எழுந்தபோது, தலைவர் சிமோன் பார் கோசிபாவை மேசியா என்றே அறிவித்தார் அக்காலத்தின் தலைசிறந்த ரபி அகிவா. ‘நட்சத்திரத்தின் மகன்’ என்று பொருள்வர அவரைப் பார் கோக்பா என்று அழைத்தார்கள். மூன்றரை ஆண்டில் தோற்றார், இறந்தார். பிறகு அதே பெயரைச் சற்றுத் திருப்பி ‘பொய்யின் மகன்’ ஆக்கினார்கள். 1960-இல் தொல்லியலாளர் இகேல் யாதின் சாக்கடல் பக்கத்துக் குகை ஒன்றில் அவருடைய கடிதங்களைக் கண்டெடுத்தார். ஒன்றில், கூடாரப் பண்டிகைக்குப் பேரீச்சங் குருத்தும் நாரத்தை இனப் பழங்களும் ஏற்றிவர இரண்டு கழுதைகளை அனுப்புகிறேன் என்று எழுதுகிறார். போர்க்களத்து நடுவில் பண்டிகை தவறிவிடக் கூடாதே என்ற அந்தக் கவலையைப் படிக்கும்போது, அவரைப் பொய்யின் மகன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தோல்விக்குப் பிறகு ரபிகளின் கதைகளில் மேசியா வாளைக் கீழே வைக்கிறார். தல்மூத்தின் ஒரு கதையில் அவர் ரோம் நகர வாசலில் நோயாளிகளோடு உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாக் கட்டுகளையும் ஒன்றாக அவிழ்த்துக் கட்டுகிறார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு புண்ணாக அவிழ்த்து, கட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறார். திடீரென்று அழைப்பு வந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாதாம்.

7-ஆம் நூற்றாண்டில் சொல் குர்ஆனில் இடம்பெற்றது. அங்கே ‘அல்-மஸீஹ்’ 11 இடங்களில் வருகிறது. எல்லாமே மர்யமின் மகன் ஈசாவைக் குறிக்கும். கன்னியிடம் பிறந்தவர், அற்புதங்கள் செய்தவர் என்று குர்ஆன் அவரைக் கொண்டாடுகிறது. அதேநேரம், மஸீஹ் இறைவனின் அடியார், தூதர், மகனல்லர் என்று அழுத்திச் சொல்கிறது. அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை, இறைவன் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது. யூதர் மறுத்த பட்டத்தை இஸ்லாம் இயேசுவுக்கு மனமாரக் கொடுத்தது. கிறிஸ்தவர் அந்தப் பட்டத்தில் ஏற்றிய தெய்வீகத்தை மட்டும் இறக்கி வைத்தது.

மஸீஹ் என்றால் என்ன என்று குர்ஆன் விளக்கவில்லை. அரசருக்கு எண்ணெய் ஊற்றும் வழக்கம் அரேபியாவில் இல்லாததால் அகராதிக்காரர்களுக்குப் பெரும் வேலை. நோயாளியைத் தடவிக் குணமாக்கியவர் என்றார்கள். ஓரிடத்தில் தங்காமல் பூமியை அளந்தபடி நடந்தவர் என்றார்கள். பிறக்கும்போதே எண்ணெய் பூசப்பட்டவர் என்றவர்களும் உண்டு. காமூஸ் அகராதியைத் தொகுத்த ஃபைரூஸாபாதி 50 விளக்கங்கள் திரட்டியதாக எழுதுகிறார்.

ஒளியோடு நிழலும் வந்தது. சிரியாக் மொழிக் கிறிஸ்தவர்கள் போலி மேசியாவுக்கு ‘தக்காலா’ என்ற அடைமொழி வைத்திருந்தார்கள். பொய்யன் என்று பொருள். அரபியில் அதுவே தஜ்ஜால், முழுப் பெயர் மஸீஹுத் தஜ்ஜால். ஈசா நபிக்குத் தடவிக் குணமாக்கியவர் என்று விளக்கம் தரும் அதே வேர், தஜ்ஜாலுக்கு வரும்போது ஒரு கண் துடைத்து அழிக்கப்பட்டவன் என்று பொருள் தருகிறது. உலக முடிவான கியாமத் நாளின் அடையாளங்களைப் பற்றிய பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) இந்த ஒற்றைக்கண்ணனைப் பற்றிக் கேட்டுப் பயந்த பிள்ளைகள் நம் ஊர்களிலும் நிறைய. ஹதீஸின்படி, ஈசா நபி டமாஸ்கஸுக்குக் கிழக்கே வெள்ளை மினாராவின் அருகே, குங்குமப்பூச் சாயம் தோய்ந்த இரண்டு ஆடைகளில், இரு வானவரின் சிறகுகளில் கைவைத்தபடி இறங்குவார். தஜ்ஜாலை லுத் நகர வாசலில் கொல்வார். தமிழ் வேதாகமத்தில் பேதுரு போகும் லித்தா அந்த ஊர்தான். இன்று இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையம் அதன் ஓரத்தில் இருக்கிறது.

ஆக, கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே ஆளின் வருகையை எதிர்பார்க்கிறார்கள், ஆனால் அவர் யார் என்பதில் ஒத்துப்போவதில்லை. மேசியா மனிதரே என்பதில் யூதரும் முஸ்லிமும் ஒன்று, ஆனால் அவர் ஒருமுறை வந்து போனாரா என்பதில் வேறு. யூதரும் கிறிஸ்தவரும் ஒரே தீர்க்கதரிசன நூல்களைத்தான் விரித்துவைத்திருக்கிறார்கள். நிறைவேறிவிட்டதா என்று கேட்டால் பதில் இரண்டு. எந்த இருவரைச் சேர்த்தாலும் மூன்றாமவர் வெளியே நிற்கும் இந்த முக்கோணம் எனக்கு அலுப்பதே இல்லை.

எண்ணெயோ தனி வழியே ஐரோப்பாவுக்குப் போனது. 672-இல் டொலேடோவில் விசிகோத் மன்னர் வாம்பாவின் தலையிலும், 751-இல் பிராங்க் மன்னர் பெப்பின் தலையிலும் பாதிரியார்கள் தைலம் தடவினார்கள். பெப்பின் அரச குடும்பத்தவர் அல்லர், பழைய அரசரை இறக்கிவிட்டு ஏறியவர். இரத்தம் தராத உரிமையை எண்ணெய் தந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பின்பற்றினார்கள். யாத்திராகமத்தின் எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

12-ஆம் நூற்றாண்டில் மூன்று மரபுகளையும் ஒரே பார்வையில் எடைபோட்டவர் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ். அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்தியக் கடல் வணிகம். தம்பி தாவீது ரத்தின வியாபாரி. செங்கடல் துறையான அய்தாபிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறி, கடலில் மூழ்கிப்போனார். அண்ணன் ஓராண்டுக் காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அதே காலகட்டத்தில் யேமனில் ஒருவர் தன்னை மேசியாவின் முன்னோடி என்று அறிவித்து யூதர்களைக் கலக்கியபோது, அவர்களைத் தேற்றி நீண்ட கடிதம் எழுதியவரும் இவர்தான். மேசியா அற்புதம் காட்டத் தேவையில்லை என்றார் மைமோனிடிஸ். ஆலயத்தைக் கட்டி, சிதறியவர்களைக் கூட்டினால் அவரே, தோற்றால் அவரல்லர். இயேசுவை இந்தக் கணக்கில் ஏற்கவில்லை. ஆனாலும் கிறிஸ்தவமும் இஸ்லாமும் மேசியா என்ற பேச்சைத் தூரத் தீவுகளுக்கெல்லாம் கொண்டுபோய், வரப்போகிறவருக்கு வழியைச் செப்பனிடுகின்றன என்று எழுதினார். பிற்காலத் தணிக்கையாளர்கள் அந்தப் பகுதியையே வெட்டியதால், பல அச்சுப் பதிப்புகளில் அந்தப் பெருந்தன்மையும் சேர்ந்து காணாமல் போனது.

1263-இல் பார்சிலோனாவில், அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் முன்னால் மேசியா வந்துவிட்டாரா என்ற கேள்வியே வழக்காடப்பட்டது. யூதத் தரப்பில் ரபி நாக்மனிடிஸ். அவருடைய வாதத்தின் சாரம்: மேசியா வந்தால் போர் ஓயும் என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்கள், இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் கொள்ளையாலும் கொலையாலும் நிரம்பிக் கிடக்கிறதே? சைரஸ் காலத்து அளவுகோல் மறுபடியும் வெளியே வந்தது. மன்னர் 300 நாணயம் கொடுத்து அனுப்பியதாக நாக்மனிடிஸே எழுதுகிறார். சில ஆண்டுகளில் நாட்டைவிட்டு அவர் எருசலேமுக்குப் போக வேண்டியதாயிற்று.

வணிகப் பாதையில் ஒரு மேசியா எவ்வளவு வேகமாகப் பயணிக்க முடியும் என்பதை 17-ஆம் நூற்றாண்டு காட்டியது. 1626-இல் இஸ்மிரில் பிறந்தவர் சபத்தாய் ட்செவி. 1665-இல் காசாவைச் சேர்ந்த நாத்தான் என்ற இளைஞர், இவரே மேசியா என்று அறிவித்தார். சரக்குக் கணக்கோடு சேர்ந்து செய்தி வெனிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹம்பர்க்குக்கும் போனது. லண்டனில் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க், இது உண்மையா என்று தத்துவஞானி ஸ்பினோசாவுக்கே எழுதிக் கேட்டார். இரண்டு ஆண்டுக்குள் இவர் உலக அரசராக ஏற்கப்படுவார் என்று ஒருவர் 10 பவுனுக்கு 100 பவுன் பந்தயம் கட்டுவதாகச் சாமுவேல் பெப்பிஸ் 1666 பிப்ரவரியில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஹம்பர்க் வணிகப் பெண்மணி கிளுக்கெல் தன் நினைவுக் குறிப்பில் சொல்வது இதையெல்லாம்விட நெஞ்சில் தைக்கிறது. அவருடைய மாமனார் வீட்டை விட்டுப் புறப்பட்டு, இரண்டு பெரிய பீப்பாய்களை ஹம்பர்க்குக்கு அனுப்பிவைத்தார். ஒன்றில் துணிமணி, மற்றதில் பட்டாணி, அவரை, உப்புக்கண்டம், உலர்ந்த பழங்கள். அழைப்பு வந்ததும் கப்பலேறிவிட வேண்டுமே. பீப்பாய்கள் நெடுநாள் திறக்கப்படாமலே நின்றன.

1666 செப்டம்பர் 16-ஆம் தேதி எதிர்னேயில் ஒட்டோமான் சுல்தான் நான்காம் மெஹ்மெதின் முன் நிறுத்தப்பட்ட சபத்தாய், உயிரா மதமா என்ற நிலையில் தலைப்பாகை கட்டி இஸ்லாத்தை ஏற்றார். சம்பளமும் ஒரு அரண்மனைப் பதவியும் கிடைத்தன. பலர் நொறுங்கிப்போனார்கள். சிலர் இதுவும் மேசியாவின் மறைபொருளே என்று அவரைத் தொடர்ந்து தாமும் மதம் மாறினார்கள். சலோனிகாவில் ‘தோன்மே’ என்ற தனிச் சமூகமாக, வெளியே முஸ்லிம்களாகவும் உள்ளே சபத்தாயின் நம்பிக்கையோடும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

பிறகும் நின்றபாடில்லை. 1881-இல் சூடானில் முகம்மது அகமது, இறுதிக் காலத்தில் வருவார் என்று முஸ்லிம்கள் எதிர்பார்க்கும் மஹ்தி தானே என்று அறிவித்தார். 1891-இல் பஞ்சாபின் காதியானில் மிர்சா குலாம் அகமது, வாக்களிக்கப்பட்ட மஸீஹ் தாமே என்றார். முஸ்லிம்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நியூயார்க்கின் ஹசிடியத் தலைவர் மெனாகெம் ஷ்னியர்சன் 1994-இல் மறைந்த பிறகும், அவரே மேசியா என்று நம்புகிற சீடர்கள் உண்டு.

எண்ணெயும் மறைந்தபாடில்லை. 2023 மே 6 அன்று லண்டனில் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா நடந்தபோது, தலையில் எண்ணெய் தடவும் நேரத்தில் மட்டும் மூன்று பக்கமும் திரைகட்டி உலகத்தின் கண்ணை மறைத்தார்கள். தைலத்தை எடுத்தது 12-ஆம் நூற்றாண்டுக் கரண்டியில். அந்த எண்ணெய்க்கான ஒலிவக் காய்களைப் பறித்தது எருசலேமின் ஒலிவ மலையிலுள்ள இரண்டு மடங்களின் தோப்புகளில். ஆட்டியது பெத்லகேமுக்கு வெளியே. வாசனைக்குச் சேர்த்தவற்றில் ரோஜாவோடும் மல்லிகையோடும் கருவாப்பட்டையும் இருந்தது.

அந்த மலையின் சரிவில் ஆயிரக்கணக்கான யூதக் கல்லறைகள். மேசியா வரும் நாளில் எழுந்ததும் ஆலயம் இருந்த மேடை கண்ணெதிரே தெரியும்படி, பாதங்களை அந்தப் பக்கம் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். மலை உச்சியில் இயேசு விண்ணேறிய இடம் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் சிறு கட்டடம். உள்ளே தரையில் அவருடைய பாதச்சுவடு என்று காட்டும் ஒரு கல். சுல்தான் சலாஹுத்தீன் காலத்திலிருந்து அந்தக் கட்டடம் முஸ்லிம்கள் வசம். ஆண்டுதோறும் விண்ணேற்பு விழா அன்று கிறிஸ்தவர்கள் அங்கே வந்து, முற்றத்துச் சுவர் வளையங்களில் கூடாரத் துணி கட்டி ஆராதனை நடத்துகிறார்கள்.